சோப்புப் பெட்டிக்குள் ஒரு காது

நீங்கள் எல்லாரும் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நான் நடந்து நடந்துதான் சொல்வேன். ஓரிடத்தில் இருந்து கதை சொல்லும் பொறுமை எனக்கு அந்த நாளிலும் இல்லை, அறுபது தாண்டியும் வரவில்லை. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். கடையில் பற்றறி இல்லை, துணி இல்லை, நல்ல ஊசி ஒன்று கூட இல்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிரும் தூரத்தில் எங்கள் வீடு.

இன்றைக்கு என் மகளின் பிள்ளை காதுக்குள் பயறு மாதிரி எதையோ செருகிக்கொண்டு தனியே சிரித்துக்கொண்டு திரிகிறாள். அதைப் பார்க்கும் போதெல்லாம் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். ஏனென்று ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இடையில் கேள்வி கேட்டால் எழும்பிப் போய்விடுவேன், என்னைத் தெரியும்தானே.

அப்பா ஜெற்றியில் கிறேன் ஓட்டினார். கிறேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் நின்று மூட்டை ஏற்றுகிற ஆட்கள் அவருக்குத் தெரியமாட்டார்கள். அதனால் இடையில் ஒருவர் நின்று விசில் அடிப்பார். ஒரு விசில் என்றால் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. ஒரே இழுவையாக நீட்டி அடித்தால் நிறுத்து. இருபது வருடமாக அப்பா அந்த மூன்றையும் நம்பித்தான் வேலை செய்தார். கீழே நின்ற ஆட்கள் அப்பாவின் காதை நம்பி நின்றார்கள்.

அந்தக் காது போகத் தொடங்கியிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருபது வருடம் இருந்தால் யாருக்குத்தான் போகாது? முழுச் செவிடு என்று சொல்ல ஏலாது. அம்மாவின் குரல் கேட்கும், லொறி வருவது கேட்கும். மெல்லிய கூரான சத்தங்கள்தான் முதலில் போயின. குசினியில் கேத்தில் கூவினால் கேட்காது. ஒரு நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்துகொண்டு, "இந்த வருசம் நுளம்பு குறைவு, என்ன?" என்று கேட்டார். நானும் அண்ணனும் கடி தாங்காமல் இரண்டு கையாலும் எங்கள் கால்களில் அடித்துக்கொண்டிருந்தோம்.

அம்மா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டா. பக்கத்து வீட்டு ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டி, "என்ன, உங்கட அவர் நான் கூப்பிடக் கூப்பிடப் போறார்?" என்று கேட்டால், "அவருக்குக் காதெல்லாம் வடிவாக் கேக்கும். யோசினையில இருக்கிறவர்" என்பா. சொல்லிவிட்டு உடனே விளக்குமாற்றை எடுத்து, காலையில் கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டத் தொடங்குவா. அந்தக் காலத்தில் எங்கள் முற்றத்தைப் போலச் சுத்தமான முற்றம் ஊரில் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே அப்பா சொன்னார், "வாற மாசம் கொழும்பில இருந்து ஒராள் வருது. கிறேன் ஓட்டுற எல்லாரையும் சோதிக்கப் போகினமாம்."

"என்னத்தைச் சோதிக்கிறது?" என்றா அம்மா.

"காதை."

சோதனை எப்படியென்றும் சொன்னார். வருகிறவர் கூண்டுக்குப் பின்னால், ஓட்டுகிறவரின் பார்வைக்கு எட்டாமல் நின்று விசில் அடிப்பார். அதைக் கேட்டு வெறும் கொக்கியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், நிறுத்த வேண்டும். தவறினால் கிறேனை விட்டு இறக்கிக் கேற் காவலுக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீடு கிறேன்காரருக்கென்று கொடுத்த வீடு. கிறேன் போனால் வீடும் போகும். அண்ணன் பல்கலைக்கழகச் சோதனைக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தான்; அதுவும் போகும். அப்பா இதையெல்லாம் சொல்லவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எங்கள் சோற்றை ஆறவைத்தா.

அண்ணன் கையைக் கழுவாமல் எழும்பி நின்றான். "நான் அப்பாவுக்கு ஒரு காது செய்து தாறன்" என்றான்.

அவன் றேடியோப் பைத்தியம். செத்த றேடியோ எங்கே கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்ப்பான். ஒருமுறை அவனுடைய றேடியோ ஒன்றில் தூசி இருக்கிறதென்று நான் ஈரச் சீலையால் துடைத்துவிட்டேன். அடிமட்டத்தால் என் விரல் மொளியில் அடித்தான். "கரண்டுச் சாமானுக்குத் தண்ணி காட்டப்படாது! மண்டைக்குள்ள ஏறிச்சோ?" என்றான். நன்றாகவே ஏறியது. அந்தச் சனியன் பிடித்த வசனம் இன்றைக்கும் என் மண்டைக்குள் இருக்கிறது.

அவன் செய்ய நினைத்தது ஒரு சின்னப் பெட்டி. நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் இருக்கும். வெள்ளைக்காரன் கடற்படை விட்டுவிட்டுப் போன, இரண்டு காதிலும் மாட்டுகிற பழைய கேட்குழல் ஒன்றை உடைத்து, அதில் ஒரு பக்கத்தை வைத்துச் சத்தத்தைப் பிடிப்பது. மூன்று ரான்சிஸ்டர் அதைப் பெருப்பிக்கும். மெல்லிய வயர் ஒன்று கழுத்தால் ஏறி, நுனியில் ஒரு சின்னக் குமிழோடு காதுக்குள் போகும். வெயிலுக்காக அப்பா எப்போதும் தலையில் துவாய் கட்டித்தான் வேலை செய்வார். அந்தத் துவாய்க்குள் எல்லாம் மறைந்துவிடும். எஞ்சின் இரைச்சலை அமத்தி விசிலை மட்டும் விடுவதற்கு என்ன சாமான் எங்கே போட வேண்டுமென்று கொப்பியில் பக்கம் பக்கமாகக் கீறிவைத்திருந்தான். பெட்டிக்கு அம்மாவின் பச்சைச் சோப்புப் பெட்டி.

சின்னப் பெட்டிக்குள் வயர்களைக் கண்டபடி அடைக்க ஏலாது. அதற்குத்தான் பலகை. கப்பலில் றேடியோ திருத்துகிற ஒருவர் வேண்டாமென்று கொடுத்த, ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய மண்ணிறத் துண்டு அண்ணனிடம் இருந்தது. உள்ளங்கை அளவு. அதை மூன்றாக அறுத்தான். செம்பில் எந்தப் பாதை வேண்டுமோ அதை நகப்பூச்சால் கீறி, மிச்சச் செம்பைத் திராவகத்தில் கரைத்துவிட்டால், வயருக்குப் பதிலாகச் செம்புக் கோடுகள் பலகையிலேயே நிற்கும். அண்ணனின் கை நடுங்கும், எனக்கு நடுங்காது. ஆகவே கீறியது நான். ரீச்சரிடம் பள்ளிக்கூட நாடகத்துக்கென்று பொய் சொல்லி அவவின் சிவப்பு நகப்பூச்சை வாங்கினேன். போன கையோடு விளையாட்டுப் போட்டிக்கு அவ ஊதுகிற விசிலையும் வாங்கிக்கொண்டேன். "நாடகத்தில என்ன, பொலிசோ?" என்றா. "ஓம் ரீச்சர், நகம் பூசின பொலிஸ்" என்றேன்.

பத்தர் நகைக்குப் பாவிக்கிற திராவகத்தில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் அண்ணன் வாங்கிவந்தான். கிணற்றடிக்குப் பின்னால் பீங்கான் கோப்பையில் ஊற்றிப் பலகையைப் போட்டோம். மண்ணிறப் புகை எழும்பியது. கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. திராவகம் நீலமாகிக்கொண்டு வந்தது. நான் குந்தியிருக்க ஏலாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பலகையை எடுத்து நகப்பூச்சைச் சுரண்டிவிட்டபோது, நான் கீறிய கோடெல்லாம் செம்பாக மினுங்கியது. அண்ணன் என் தலையில் ஒரு குட்டுக் குட்டினான். அதுதான் அவன் பாராட்டு.

முதல் பெட்டி ஐந்து நாளில் தயார். வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்த பழைய பற்றறிகள் இரண்டு. அப்பாவை விறாந்தைக் கதிரையில் இருத்திக் காதுக்குள் செருகினோம். அப்பா திடுக்கிட்டுப் போனார். கூரையைப் பார்த்தார். முற்றத்து வேம்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது என்ன, ஙொய் எண்டு?" என்று கேட்டார்.

"நுளம்பப்பா!" என்று நானும் அண்ணனும் ஒன்றாகக் கத்தினோம்.

அவர் வயரைக் கழற்றினார். "நல்லாக் கேக்குது, தம்பி" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயிலென்றும் பாராமல் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். சந்தோசத்தில் இருக்கேலாமல் போகிறார் என்று அம்மா சொன்னா. நாங்களும் அப்படியே நம்பினோம். அவர் முகத்தை நான் கண்டேன். கண்டும் என் பன்னிரண்டு வயது மூளைக்கு அதில் ஒன்றும் எட்டவில்லை.

நாலாம் நாள் பெட்டி செத்துவிட்டது. திறந்து பார்த்தால் செம்புக் கோடெல்லாம் பச்சைக் களிம்பு. கடல் காற்றும் அப்பாவின் வியர்வையும் செய்த வேலை. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான். செம்பின் மேல் ஈயம் பூசினால் களிம்பு பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். பூசுவதற்குச் சோல்டர் வேண்டும். அவனிடம் இருந்தது சாமான்களை ஒட்டுவதற்கே மட்டுமட்டான ஒரு சுருள். ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.

"பானைக்கு ஈயம் பூசுற நானா சந்தைக்கு வந்திருக்கிறார்" என்று சொன்னவள் நான்தான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், என் வாய்தான்.

கிண்ணியாவிலிருந்து துருத்தியோடு தோணியேறி வருவார் அந்த நானா; முஸ்லிம் அண்ணர்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். செம்புப் பானை, பித்தளைச் சட்டிக்கெல்லாம் உள்ளே ஈயம் பூசிக்கொடுப்பார். புளி பட்டால் கைக்கும் பாத்திரம் பிறகு கைக்காது. அவரிடம் பானை கொண்டுபோவது எப்போதும் என் வேலை. விசயம் வெளியே தெரியக்கூடாதென்று, அம்மாவின் பித்தளைப் பானைக்குள் மிச்சம் இரண்டு பலகைகளையும் போட்டு மூடிக் கொண்டுபோனேன். அவற்றிலும் நான் பாதை கீற, அண்ணன் கரைத்து வைத்திருந்தான்.

நானா ஒரு பலகையை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "என்ன மகள் இது, பொம்மைக்குத் தோசைக்கல்லா?"

"றேடியோவுக்குள்ள வைக்கிறது நானா. இந்தச் செம்புக் கோடுகளுக்கு மட்டும் ஈயம் பூசித் தாங்கோ."

"றேடியோக்கு ஈயம் பூசிற காலமும் வந்திட்டா!" என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்கச் சிரித்தார். குறட்டால் பிடித்து நேரே நெருப்பில் காட்டினார், பானையைக் காட்டுகிற மாதிரி. என் வாயிலிருந்து சத்தம் வர முன்னம் பலகை கறுத்துப் பொம்மிவிட்டது. செம்புக் கோடுகள் காய்ந்த தோல் மாதிரிக் கழன்று சுருண்டன. நான் அழத் தொடங்கினேன். "நானா, ஒண்டுதான் மிச்சம் இருக்கு. இது பழுதாப் போனா எங்கட அப்பான்ர வேலை போயிரும்" என்று வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். துருத்தியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு பித்தளைத் தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து நெருப்பில் சூடாக்கி, இறக்கி மண்ணில் வைத்து, அதன் முதுகில் என் கடைசிப் பலகையைச் செம்புப் பக்கம் மேலே இருக்க வைத்தார். நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை தூவினார். வெள்ளைப் புகை எழும்பி மூக்கை அடைத்தது. ஈயக் கட்டியால் ஒரு தொடுதல், பஞ்சால் ஒரு இழுவை. அவ்வளவுதான். சிவப்புக் கோடெல்லாம் வெள்ளியாகிவிட்டது. அந்த மினுக்கத்தை என் வாயால் சொல்ல ஏலாது. நான் சந்தையிலேயே துள்ளினேன்.

அம்மாவின் பானையையும் பூசி முடித்து இரண்டையும் என் கையில் தரும்போது, எல்லாப் பொம்பிளைகளுக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார். "வீட்ட போனதும் சுடுதண்ணியில நல்லாக் கழுவணும் மகள். நவச்சார உப்புத் தங்கினா அரிச்சிரும்."

"ஓம் நானா" என்றேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் கொதிக்கவைத்தேன். பானையைக் கழுவினேன், ஒரு தரமில்லை, மூன்று தரம். பலகையைக் கழுவவில்லை. கழுவச் சொன்னது பானைக்கு, சமைக்கிற சாமானுக்கு. இது கரண்டுச் சாமான். கரண்டுச் சாமானுக்குத் தண்ணி காட்டினால் என்ன நடக்கும் என்று என் விரல் மொளிக்குத் தெரியும். நல்ல காய்ந்த சீலையால் துடைத்து அண்ணனிடம் கொடுத்தேன். நானா சொன்னதைச் சொல்லவும் தோன்றவில்லை. அண்ணன் குடைக்கம்பியைக் கூராக்கித் துளைகள் போட்டு, சாமான்களை ஒட்டி, இனிக் காற்றே படக்கூடாதென்று மிச்சமிருந்த நகப்பூச்சு முழுவதையும் மேலே பூசி மூடினான். உப்பையும் சேர்த்து மூடிவிட்டோம்.

சோதனைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவைக் கடலைப் பார்த்தபடி நிற்கவைத்துவிட்டு, நான் பின்னால் தூரத்துக்கு ஓடிப்போய் விசில் அடிப்பேன். அப்பா ஒரு கையைத் தூக்குவார், இறக்குவார், விரிப்பார். ஒன்றும் பிழைக்கவில்லை. கடற்கரையில் மேய்ந்த மான்கள்தான் விசிலுக்குப் பயந்து கோட்டைப் பக்கம் ஓடின. அண்ணனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அம்மா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. அப்பா மட்டும் சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழும்பினார், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தார், இரவில் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தார். "தோத்திடுவமோ எண்டு மனுசன் பயந்து சாகுது" என்று அம்மா எங்களிடம் சொன்னா. அதனால் நாங்கள் மூன்று பேரும் அவருக்கு இன்னும் கூடுதலாகத் தைரியம் சொன்னோம். பாவம் மனுசன்.

சோதனை நாளன்று நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போகிறோமென்று சொல்லிவிட்டு, ஜெற்றி தெரிகிற ஒரு மேட்டில் போய் நின்றோம். கிறேன் தெரிந்தது, கூண்டுக்குள் அப்பாவின் வெள்ளைத் துவாய் தெரிந்தது. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் ஏணியில் ஏறிக் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஒரு விசில். எங்களுக்கே மெல்லியதாகக் கேட்டது. கொக்கி மேலே போனது. அண்ணன் என் கையைப் பிடித்தான்.

இரண்டு விசில். கொக்கி இறங்கத் தொடங்கியது. அண்ணன் என் விரல்களை நெரித்தான்.

நீண்ட விசில். கொக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. திரும்பவும் நீண்ட விசில். "நிப்பாட்டுங்கோ அப்பா, நிப்பாட்டுங்கோ" என்று நான் வாய்க்குள் சொல்கிறேன். கொக்கி போய் ஜெற்றித் தளத்தில் இடித்தது. அந்தச் சத்தம் விசிலைவிடத் துலக்கமாகக் கேட்டது. வெள்ளைக் காற்சட்டைக்காரர் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு ஏதோ எழுதினார்.

அப்பா வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொறகொற எண்டு இரைஞ்சது, பிறகு ஒண்டும் கேக்கேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் பெட்டியைத் திறந்தான். சிவப்புப் பூச்சுக்குள்ளே கோடுகளின் கரையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஒரு கோடு அறுந்து போயிருந்தது. நானா சொன்னது அந்தக் கணத்தில் என் நெஞ்சில் வந்து இடித்தது. உப்புத் தங்கினா அரிச்சிரும். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன், "என்ர கணக்குத்தான் பிழை. எல்லாம் என்ர பிழை" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான், நான் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன். அதற்கு என்னை இன்றைக்கு வரை நான் மன்னிக்கவில்லை.

அவன் கொப்பி, வயர், ரான்சிஸ்டர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கடலில் போட்டான். அப்பா கேற் காவலுக்குப் போனார். வீட்டை விட்டோம். அன்புவழிபுரத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு இருந்தோம். அண்ணன் சோதனை எழுதவில்லை. கந்தளாய்க்குப் போய், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற இடத்தில் சேர்ந்தான். றேடியோப் பக்கம் அவன் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டான்.

ஏழு வருடம் இதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழும்பி நடப்பேன். "இந்தப் பெட்டைக்கு என்ன, காலில சில்லோ?" என்று அம்மா ஏசுவா. கடைசியில் ஒரு பின்னேரம், அப்பா வேலி கட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். அப்போது அவருக்கு முக்கால் செவிடு. மெல்லச் சொன்னால், "ஆ? என்ன?" என்கிறார். இரகசியத்தை ஊருக்கே கேட்கக் கத்திச் சொன்ன ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன். "நான் பலகையைக் கழுவேல்லை அப்பா! என்னாலதான் உங்கட வேலை போனது!"

அப்பா கம்பியைக் கீழே வைத்தார். ஒழுங்கையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார்.

"அழாதை பிள்ளை. உன்னாலயும் இல்லை, கொண்ணனாலயும் இல்லை" என்றார். "கூண்டுக் கண்ணாடியில அந்தாளின்ர முகம் எனக்குத் தெரிஞ்சது. கன்னம் ரெண்டும் ஊதினதைக் கண்டனான். நீட்டி அடிக்கிறார் எண்டு வடிவாத் தெரியும். நான் நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டேல்லை."

எனக்கு விளங்கவில்லை. "ஏனப்பா?" என்று கத்தினேன்.

"அதுக்கு ஒரு மாசம் முந்தி, கப்பலுக்குள்ள கீழ நிண்ட ஒருத்தன்ர தலைக்கு மேல மூட்டையை இறக்கிப்போட்டன். விசில் கேக்கேல்லை எனக்கு. அவன் பாய்ஞ்சு தப்பினான், சேட்டு மட்டும் கிழிஞ்சது. சிரிச்சுக்கொண்டு, 'என்னண்ணை, என்னை அரைச்சுத் துவையல் போடப் பாத்தீங்களோ' எண்டான். ஒருத்தருக்கும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. அவனுக்கு மூண்டு குழந்தைப் பிள்ளையள்." அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெட்டி பிழைச்சிடுமோ எண்டு நீங்கள் பயந்தனீங்கள். நான் பயந்தது, அது வேலை செய்திடுமோ எண்டு. அதைக் கட்டிக்கொண்டு திரும்ப மேல ஏறி, ஒரு நாள் பற்றறி செத்து, கீழ நிக்கிறவன் செத்து..."

"வீட்டில சொல்லியிருக்கலாமே!"

"கொம்மா வீட்டை நினைச்சு அழுதுகொண்டு நிண்டா. கொண்ணன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என்ர நெஞ்சில கட்டேக்க அவன்ர முகத்தைப் பாத்தனியோ? எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு அப்பாவில் ஒரே நேரத்தில் இரக்கமும் பொல்லாத கோபமும் வந்தது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் அண்ணன் படித்திருப்பானே! பிள்ளை மனம் நோகக்கூடாதென்று பார்த்து, பிள்ளையின் வாழ்க்கையையே நோகவிட்டாரே! அதையும் கத்தினேன். அவர் மறுக்கவில்லை. "பிழைதான்" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார், "முதல் விசிலும் ரெண்டாவதும் அந்தப் பெட்டியாலதான் கேட்டனான். குருவி கத்தின மாதிரி. பிறகுதான் இரைஞ்சது."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கந்தளாய்க்குப் போனேன். அண்ணன் ஒரு மெசினைப் பிரித்துப்போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தான், முழங்கை வரை எண்ணெய். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: நானா சொன்னது, நான் கழுவாதது, கண்ணாடியில் தெரிந்த முகம், அப்பா நிறுத்தாதது. அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அப்பாவையும் ஏசவில்லை.

"அப்ப முதல் விசில் கேட்டதோ?" என்றான்.

"ஓம்."

"பெட்டியாலயோ? கண்ணாடியில பாத்தில்லையோ? வடிவாக் கேட்டுக்கொண்டு வந்தனியோ?"

"ஓம் அண்ணா. முதலாவதும் ரெண்டாவதும் பெட்டியாலதானாம். குருவி கத்தின மாதிரிக் கேட்டதாம்."

அவன் கையிலிருந்த, ஆணி முடுக்குகிற சாவியைக் கீழே வைத்தான். எண்ணெய்க் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, மெசின் திருத்த வந்து நின்ற ஆட்களுக்கு முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "கேட்டதாம்" என்று அவர்களிடம் சொன்னான். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.